ஆஃப்சைடு தெரியாதவருக்கும் அரங்கில் இடம் உண்டு

கபடி என்றால் நாமக்கல் பக்கம் பாடிப் போகிறவரின் கால்வீச்சைக் கூடப் பிரித்துப் பேச ஆள் இருக்கிறது. கிரிக்கெட்டைக் கேட்கவே வேண்டாம். கால்பந்து என்று வந்தால் மட்டும், "நமக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். உலகக் கோப்பை வந்தால் தொலைக்காட்சியில் பார்ப்பதோடு சரி. அப்படி ஒதுங்கத் தேவையில்லை என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

2019 மார்ச் 9. சேலத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரே மூச்சில் போய்விடக்கூடிய கோவையில், நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி என்ற அணிக்குப் பெயரில்தான் சென்னை. அப்போது சொந்த மைதானம் கோவை. முந்தைய பருவத்தில் எட்டாவதாக வந்த அணி, இப்போது பட்டியலின் உச்சியில். ஒரே ஒரு புள்ளி பின்னால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். அவர்களுக்கு அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆட்டம்.

கால்பந்தே தெரியாதவருக்கும் இந்தக் கணக்கு புரியும். கோவையில் ஜெயித்தால் கோப்பை நமக்கு. சமனில் முடிந்து, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கைவிட்டுப் போகும். ஆகவே கண் இங்கே, காது அங்கே.

மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணியான மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை நம் அணிக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. நம் அணியின் பெத்ரோ மான்சி அடித்துச் சமன் செய்தார். அந்தப் பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 21. ஆனால் கோப்பையைக் கொண்டுவந்தவர் கௌரவ் போரா. கோலைக் காக்க வேண்டிய தடுப்பாட்டக்காரர், முன்னேறி வந்து இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது; சமன் போதாமல் போயிருக்கும். 43 புள்ளிக்கு 42 என்ற கணக்கில், ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

இப்படிப்பட்ட நாளில் அரங்குக்குப் போக என்ன தெரிந்திருக்க வேண்டும்? பந்து வலைக்குள் போனால் கோல். கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் கையால் ஆடக்கூடாது. குழப்புவது ஆஃப்சைடு ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் போகிறது.

"ஏனுங்க, கோல் விழுந்துதுங்களே, எதுக்கு இல்லைங்கறாங்க?"

"ஆஃப்சைடுங்கண்ணா. இவரு பந்தைத் தட்டறப்பவே அவரு முன்னாடி போயி நின்னுட்டாரு. அவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவுல, கோல்கீப்பரையும் சேத்து எதிராளுங்க ரெண்டு பேராவது இருக்கோணுங்க."

அவ்வளவுதான் பாடம். நுணுக்கம் தெரிந்த ரசிகருக்குச் சொல்லித் தருவதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. தயங்காமல் கேளுங்கள்.

கொண்டாட்டத்துக்கு நிபுணர்கள் மட்டும் போதாது என்பதை நம் சேலம் மாவட்டமே காட்டியிருக்கிறது. 2021 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமாகித் திரும்பிய நடராஜனை, அவரது ஊரான சின்னப்பம்பட்டி சாரட்டு வண்டியில் ஏற்றி, மேளதாளத்தோடு அழைத்துப் போனது. தெருவில் திரண்டவர்களில் யாருக்கு யார்க்கர் தெரியும் என்று யாரும் விசாரிக்கவில்லை. வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டம் நடக்கும்போதும், ஸ்கோரைப் பார்க்க வந்தவரும் உண்டு, கூட்டத்தைப் பார்க்க வந்தவரும் உண்டு. இரண்டு பேரின் கைதட்டலும் ஒன்றாகத்தான் கேட்கும்.

ஆனால் வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கும் ஒரு மரியாதை உண்டு. ஆட்டம் முடியும்வரை இருக்க வேண்டும். கோவையில் இடைவேளையோடு கிளம்பியிருந்தால் மூன்று கோலும் போச்சு. தோற்ற அணியைத் திட்டக்கூடாது. வெற்றி ஊர்வலத்தில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்திலோ, சேலம் காந்தி ஸ்டேடியத்திலோ கால்பந்துப் போட்டி என்று கேள்விப்பட்டால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பும் வழியில் ஆளுக்கொரு தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே, அந்தக் கோல் ஆஃப்சைடா இல்லையா என்று சண்டை போடுங்கள். அன்றைக்கு நீங்களும் ரசிகர்தான்.