வீட்டு மொழியோடு வரட்டும்

கொச்சியில் சுள்ளிக்கல், மட்டாஞ்சேரிப் பக்கம் நடந்தால் கொங்கணி, குஜராத்தி, தமிழ் எல்லாம் காதில் விழும். இப்போது வங்காளமும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன.

இம்மொழிகளோடு வேலை தேடி வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மலையாளம் கற்பிக்க, எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் ‘ரோஷ்னி’ திட்டத்தைத் தொடங்கியது. அருமையான முறை அது! குழந்தையின் தாய்மொழி தெரிந்த ஒருவர் அந்த மொழியில்தான் பேச்சைத் தொடங்குவார். மலையாளம் மெல்ல மெல்லக் கலக்கும். பள்ளி மணி அடிக்கும் முன்பே வகுப்பு நடந்தது; காலைச் சிற்றுண்டியும் கிடைத்தது. தாய்மொழியில் தொடங்கினால் குழந்தையின் பதற்றம் தணியும்; பதற்றம் இருந்தால் புதுமொழி மனத்தில் இறங்காது என்று அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிராஷனும் 1980களில் எழுதினார்.

நம் திருப்பூர்ப் பள்ளிகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் நாளே தமிழில் பதில் கேட்காமல், “வீட்டில் இன்று என்ன சமையல்?” என்று அவர்கள் மொழியிலேயே யாராவது கேளுங்களேன்.