நெருப்பு அணைந்த பிறகு

ராக்கெட்டில் மேலேறி, ரேடியோ கட்டுப்பாட்டில் இறங்கும் மாதிரி கிளைடர்களுக்கு உலகப் போட்டிகள் உண்டு. ராக்கெட் எரிவது சில நொடிகள்தான். பறக்க வேண்டியதோ 6 நிமிடம். அதனால் வெற்றியைத் தருவது நெருப்பல்ல, காற்றை அறியும் கண்தான். இதையே பெரிய அளவில் காண, இஸ்ரோவின் சிறகுள்ள மறுபயன்பாட்டு ஊர்தியான ஆர்.எல்.வி.யைப் பாருங்கள். 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் தந்த வேகத்தில் அது சுமார் 65 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. அங்கிருந்து அது வங்கக் கடலை நோக்கிச் சறுக்கி வந்தது. ஆனால் ஓடுதளத்தில் இறங்கிப் பழக ராக்கெட் தேவைப்படவில்லை. 2023 ஏப்ரல் 2 அன்று சித்ரதுர்கா அருகே ஹெலிகாப்டர் 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்க, ஊர்தி தானாகவே தரையிறங்கியது.

ராக்கெட் இல்லாமல் என்ன சுவை என்று கேட்கலாம். நியாயம்தான், ஏறும் வேகத்தைத் தாங்கும் மெல்லிய இறக்கை செய்வது பெரிய கலை. ஆனால் முதுமலைக் காடு கூடலூரில் இருக்கும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ள ராக்கெட்டின் ஒரு பொறி போதும். உயரம் ஏற ராக்கெட்டும் தேவையில்லை; சரிவில் மோதி மேலெழும் காற்று இங்கே இலவசமாகக் கிடைக்கும் ஏணி. காட்டை விட்டு விலகிய பள்ளி மைதானத்தில், கையால் எறியும் கிளைடரோடு நம் பிள்ளைகள் தொடங்கட்டும்.