தானம் வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பாருங்கள்!



சர்வகலாசாலைகளில் பெரிய கம்பெனிகள் பணம் போட்டு ஏற்படுத்தும் ஆராய்ச்சி இருக்கைகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் சர்வகலாசாலையின் வாசற்படியை மிதித்துப் படித்தவனல்ல. இவனுக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். ஆனால், சோறு வேகவில்லை என்று சொல்ல உண்பவன் சமையற்காரனாக இருக்க வேண்டுமா என்று கேட்கிறேன். அங்கு நடக்கும் ஆராய்ச்சியின் லாபமும் நஷ்டமும் கடைசியில் நம் தலையில்தானே வந்து விடிகிறது?

முதலில் இருக்கை என்றால் என்ன? ஒரு பேராசிரியர் ஒரு துறையில் பாடம் சொல்லவும் ஆராய்ச்சி செய்யவும் ஏற்படுத்தும் பதவிதான் அது. பெருந்தொகையை மூலதனமாகப் போட்டு, அதன் வருமானத்தில் நிரந்தரமாக நடத்துவது ஒரு வகை. ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று கெடு வைத்துப் பணம் கொடுப்பது இன்னொரு வகை. ஹார்வர்டு சர்வகலாசாலையில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். பல தேசத்துத் தமிழர்கள் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018-ல் தொகை பூர்த்தியாயிற்று. அது பலபேர் சேர்ந்து போட்ட நாற்காலி. நான் இன்று பேசப்போவது கம்பெனிகள் போடும் நாற்காலியைப் பற்றி.

இப்போது கம்பெனிகள் அதிகமாகப் பணம் போடும் துறைகளில் ஒன்று 'நிலைத்த பொறியியல்' என்பது. நமக்கு வேண்டிய மின்சாரம், வண்டி, வீடு, பாலம் எல்லாவற்றையும், நாளை பிறக்கும் பிள்ளைகளின் காற்றையும் நீரையும் மண்ணையும் கெடுக்காமல் செய்து கொள்ளும் வித்தை அது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்கு 2002-ல் எக்ஸான்மொபில் முதலிய நாலு கம்பெனிகள் 22½ கோடி டாலர் தருவதாக ஏற்பாடாயிற்று. 2007-ல் பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி, பெர்க்லி சர்வகலாசாலையிலும் அதன் கூட்டாளி ஸ்தாபனங்களிலும் நடக்கும் ஆராய்ச்சிக்குப் பத்து வருஷத்தில் 50 கோடி டாலர் என்றது. புகையை உண்டாக்கும் சரக்கை விற்பவனே புகையைக் குறைக்கும் வழி தேடப் பணம் கொடுக்கிறான்!

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். நான் சொல்லுகிறேன், அவசியம் பார்க்க வேண்டும். ஏன் என்பதற்கு நடந்த கதை ஒன்று சொல்லுகிறேன்.

மோட்டார் எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக 1923-ல் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்க ஆரம்பித்தார்கள். 1924-ல் நியூஜெர்சியில் அந்த ஈயச் சரக்கைச் செய்த ஒரு தொழிற்சாலையில் 5 தொழிலாளர்கள் புத்தி கலங்கி மாண்டார்கள். கூச்சல் எழுந்தது. பிறகு 1930-ல் சின்சினாட்டி சர்வகலாசாலையில் கெட்டரிங் சோதனைச்சாலை ஏற்பட்டது. பணம் கொடுத்தவர்கள் யார்? ஈயப் பெட்ரோலில் லாபம் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ், டூபான்ட், எதில் கம்பெனிகளே. அதன் தலைவர் ராபர்ட் கெஹோ, எதில் கம்பெனிக்கும் வைத்திய ஆலோசகர். மனித உடம்பில் ஈயம் இயற்கையாகவே உண்டு, ஓர் அளவு வரை கெடுதியில்லை என்று அவர் பல வருஷம் சொல்லிவந்தார். அவர் சொல்லே வேதவாக்காக இருந்தது.

அதை உடைத்தவர் கிளேர் பாட்டர்சன். பூமியின் வயது சுமார் 455 கோடி வருஷம் என்று கணக்கிட்ட அதே அறிஞர்தான். காற்றிலும் கடலிலும் மனித உடம்பிலும் உள்ள ஈயத்தில் பெரும்பகுதி மனிதன் கொட்டியதே என்று 1965-ல் எழுதினார். பலன் என்ன? எண்ணெய்க்காரர்களிடமிருந்து அவருக்கு வந்த ஆராய்ச்சிப் பணம் நின்றது. அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் முழுதும் ஒழிய 1996 ஆயிற்று, இந்தியாவில் 2000, உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷத்தை இத்தனை காலம் தெருத்தெருவாக ஊதினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதைச் சுவாசித்தார்கள்.

தோழர்களே! கெஹோ திருடினார், பொய்க் கணக்கு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்களே, வீட்டிலும் ஊரிலும் அது நல்ல குணந்தான். ஆராய்ச்சியில் அதுவே கேடாக முடியும். எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேளாமல் விடுவது என்பதையே அந்த உப்பு தீர்மானித்து விடுகிறது.

இதற்கு மாறான சங்கதியையும் பாருங்கள். வோக்ஸ்வாகன் கம்பெனி தன் டீசல் கார்கள் சுத்தமானவை என்று விற்றது. மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையின் சிறு பொறியியல் குழு ஒன்று, கார் வியாபாரத்தில் லாபமில்லாத ஒரு சங்கத்தின் பணத்தில், அந்தக் கார்களைச் சாலையில் ஓட்டியே புகையை அளந்தது. அனுமதித்த அளவுக்குப் பல மடங்கு அதிகமாக இருப்பது 2014-ல் வெளிப்பட்டது. சோதனைச்சாலையில் மட்டும் நல்லபிள்ளையாக நடிக்கும்படி எஞ்சினுக்கு உத்தரவு எழுதி வைத்திருந்தார்கள் என்பது 2015-ல் அம்பலமாயிற்று. உலகத்தில் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள்! அந்தச் சோதனைக்கு அதே கம்பெனி பணம் கொடுத்து, முடிவைப் பூட்டி வைக்கும் அதிகாரமும் பெற்றிருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா?

அப்படியானால் தொழிற்சாலைக்காரனைச் சர்வகலாசாலைக்குள் விடவே கூடாதா என்று கேட்கலாம். அதுவும் பிசகு. பட்டறை தெரியாத பொறியியல் ஏட்டுச் சுரைக்காய். பிரிட்டனில் ராயல் எஞ்சினியரிங் அகாடமி, தொழிலில் பழுத்த எஞ்சினியர்களை வருகைப் பேராசிரியர்களாகச் சர்வகலாசாலைகளுக்கு அனுப்பி, நிலைத்த பொறியியலைக் கற்பிக்க 1998-லேயே ஏற்பாடு செய்தது. அது நல்ல காரியம். ஆகவே பணம் வாங்கலாம், ஆளையும் வாங்கலாம். கட்டுப்பாட்டை மட்டும் விற்கக் கூடாது.

மாட்டுக்குப் பல் பார்த்து வயது சொல்லுவது போல், இந்த நாற்காலிக்கும் நாலு பல் பார்க்க வேண்டும். ஒன்று, பேராசிரியரைப் பொறுக்குவது யார்? கொடுத்தவனா, சர்வகலாசாலையா? இரண்டு, என்ன ஆராய வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? மூன்று, முடிவு கம்பெனிக்கு விரோதமாக வந்தால் தடையின்றி அச்சிடலாமா? நாலு, கொடுத்தவன் கோபித்துக் கொண்டால் பணம் நிற்குமா? பி.பி. கம்பெனி, நான் சொன்ன பத்து வருஷம் முடியுமுன்பே, 2015-ல் தன் கையைச் சுருக்கிக் கொண்டது.

இந்த நாலுக்கும் விடை உடன்படிக்கைப் பத்திரத்தில் இருக்கும். அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றால் காட்டுவதில் என்ன கஷ்டம்? காட்ட மறுத்தால், மாட்டுக்குப் பல் இல்லை என்று தெரிந்து கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைகள் இன்று பொறியியல் கல்லூரிக்குப் போகிறார்கள். புதுக் கட்டடத்தில் ஒரு கம்பெனியின் பெயர்ப் பலகையைப் பார்த்தால் கை தட்டுவதற்கு முன் இந்த நாலு கேள்வியைக் கேட்கும்படி சொல்லி அனுப்புங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். விசாரித்து, யோசித்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.