இளமையில் வரும் புற்றுநோயும் அன்றாட வாழ்வும்



நாலடியாரில் 'இளமை நிலையாமை' என்றும் 'யாக்கை நிலையாமை' என்றும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. சமண முனிவர்கள் அருளிய நூல் என்னும் பெருமிதத்துடன் அவற்றைப் பயில்வோர் பெரும்பாலும் நரை கண்டவர்கள். பதினாறு வயதில் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு யாக்கை நிலையாமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அப்பிள்ளை அறிய விரும்புவன வேறு. அரையாண்டுத் தேர்வை எழுத இயலுமா? உதிர்ந்த முடி மீண்டும் முளைக்குமா? மின்தூக்கி இல்லாத குடியிருப்பில் இரண்டாம் மாடிக்கு இனி எப்படி ஏறுவது? நாள்தோறும் பேசிய நண்பர்கள் ஏன் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்? இவ்வுரை அவ்வினாக்களைப் பற்றியது.

இளம்பருவத்தினரைத் தாக்கும் எலும்புப் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஆஸ்டியோசார்கோமா என்பது. எலும்புகள் விரைந்து வளரும் பத்து முதல் இருபது வரையிலான வயதில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய பகுதியில் அது தோன்றுகிறது. முதலில் வலி, பின்னர் வீக்கம். விளையாடும்போது விழுந்த அடி என்றோ, வளர்கின்ற பிள்ளைக்கு வரும் கால்வலி என்றோ வீட்டார் எண்ணிவிடுகின்றனர். எண்ணெய் தேய்த்து நீவுவதிலும், கட்டுப் போடுவதிலும், களிம்பு பூசுவதிலும் வாரங்கள் கழிகின்றன. ஓய்விலும் தணியாத வலி, உறக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, சில வாரங்களாகியும் வடியாத வீக்கம் ஆகியவற்றைக் கண்டால், நீவுவதை நிறுத்திவிட்டு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே செய்யத்தக்கது. பெரும்பாலான கால்வலிகள் புற்றுநோயல்ல. ஆயினும் எக்ஸ்ரே எடுப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் தொடக்கமே இளமையில் நேர்ந்த ஓர் இழப்புத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் மறைந்தார். அத்துயரம் பல்லாண்டுக்காலம் அவர் நெஞ்சில் கிடந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. பிழைக்க வழியில்லாத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் அந்நாளில் இருந்தனர். மறு ஆண்டு அங்குப் பணியேற்ற டாக்டர் வி. சாந்தா அவர்கள் 2021 ஜனவரியில் மறையும் வரை அவ்வளாகத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார்.

அந்நாளில் காலில் எலும்புப் புற்றுநோய் என்றால் காலை நீக்குவதே வழக்கம். இன்று, நோயுற்ற எலும்புப் பகுதியை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் அளவெடுத்துச் செய்த உலோக எலும்பையும் மூட்டையும் பொருத்திக் காலைக் காக்கும் அறுவை மருத்துவம் பலருக்கு இயலுகின்றது. இந்த உலோக மூட்டுகளை இந்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்வதில் சென்னையைச் சேர்ந்த டாக்டர் மயில்வாகனன் நடராஜன் அவர்களின் பணி மருத்துவ உலகம் நன்கறிந்தது. ஆனால் கால் காக்கப்பட்டது என்பதனாலேயே எல்லாம் முன்போலாகிவிடுவதில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்வதும், குந்துவதும், ஓடுவதும் கடினம். வெளியே பார்ப்பவர்க்கோ இரண்டு கால்களும் இருக்கின்றன. ஆதலால் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான இருக்கையில் அமர்ந்தால், 'வயதுப் பிள்ளை எழுந்து இடம் தரக் கூடாதா?' என்ற அதட்டல் கேட்கும். கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இரக்கம் கிடைக்கிறது. தெரியாத குறைக்கு ஏச்சு. இரண்டில் எது கொடியது என்று அனுபவிப்பவரே சொல்ல வேண்டும்.

மேடவாக்கத்திலிருந்து அடையாறு 15 கி.மீ. அளவே இருக்கும். பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியே அத்தூரத்தைக் கடப்பதே சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சாலையில் ஒவ்வொரு குலுக்கலும், கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு திரும்புகிறவரின் வயிற்றில் தெரியும். வீட்டுக்கு வந்தால் தாளிப்பு மணமே குமட்டும். நேற்றுவரை விரும்பி உண்ட குழம்பு இன்று பகையாகும். வாய்ப்புண்ணால் தயிர்ச்சோறும் எரியும். குருதியில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில், உறவினர் ஒருவரின் சாதாரணச் சளியே ஆபத்தாக முடியலாம். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் செவித்திறனைக் குறைக்கக்கூடும்; வகுப்பில் பின் இருக்கையில் அமர்ந்த பிள்ளை பதில் சொல்லாததைக் கவனக்குறைவு என்று ஆசிரியர் கருதிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அயர்ச்சி உண்டு. அஃது உறங்கி எழுந்தாலும் தீராது. 'சோம்பேறித்தனம்' என்ற சொல்லை இவ்விடத்தில் பயன்படுத்தாதிருப்பது பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி.

காலை இழந்தவருக்கு வேறு சில பாடுகள். இல்லாத பாதத்தில் அரிப்பும் வலியும் உண்டாவதைச் சொன்னால் வீட்டார் மிரள்வர். அஃது உளமயக்கம் அன்று. மருத்துவர் நன்கறிந்த, மருந்துள்ள வலியே. சென்னையின் புழுக்கத்தில் செயற்கைக்காலின் உறைக்குள் வியர்வை தேங்கித் தோல் புண்ணாகும். புண் ஆறும் வரை செயற்கைக்காலை அணிய முடியாது. அத்தனை நாளும் ஊன்றுகோல், ஈரமான குளியலறைத் தரை, விழுந்துவிடுவோமோ என்ற அச்சம்.

செயற்கைக்கால் என்றதும் ஜெய்ப்பூர்க் கால் நினைவுக்கு வரும். 1968இல் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது அது. மேலைநாட்டுச் செயற்கைக்கால் காலணிக்கென்றே அமைந்தது. வெறுங்காலுடன் நடக்கும், தரையில் அமரும், சேற்றில் இறங்கும் இந்நாட்டு மக்களுக்கு அது பொருந்தவில்லை. ரப்பராலான ஜெய்ப்பூர்ப் பாதம் காலணியின்றி நடக்க ஏற்றது. ஆலயத்துள் செல்பவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பகவான் மகாவீரர் வீடுபேற்றின் 2500ஆம் ஆண்டு நாடெங்கும் கொண்டாடப்பெற்ற காலத்தில், 1975இல், அவர் திருப்பெயராலேயே ஜெய்ப்பூரில் ஓர் உதவிச் சங்கத்தை டி.ஆர். மேத்தா நிறுவினார். விபத்தொன்றில் காலை இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டவர் அவர். அச்சங்கம் செயற்கைக்கால்களை இன்றுவரை விலையின்றியே பொருத்துகிறது. அவுடத தானத்தைப் பற்றி மேடைதோறும் பேசப்படுகிறது. அச்சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி, சற்றுக் கசப்பான ஒரு செய்தி. நோயுற்ற பிள்ளையைக் காண வருவோர் சிலர், 'முன்வினைப் பயன், என்ன செய்வது?' என்று சொல்லிப் பெருமூச்செறிகின்றனர். வினைக் கோட்பாடு ஒருவர் தம்மைத் தாமே நோக்கித் திருந்துவதற்காகச் சொல்லப்பட்டது. அடுத்தவர் பிள்ளையின் கட்டிலருகே நின்று சொல்லும்போது அது குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. அதைக் கேட்ட தாய் அன்றிரவு முழுவதும், தான் செய்த பிழை எதுவென்று தேடிக்கொண்டிருப்பாள். அருகில் உறங்குவதுபோல் கண்மூடியிருக்கும் பிள்ளையும் தேடும். சொல்லால் ஊறு செய்வதும் இம்சையே.

இத்தகைய சொற்களுக்கு அஞ்சித்தான் பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. தமிழ்ச் சமணர் சமூகம் சிறியது. ஒரு வீட்டுச் செய்தி வந்தவாசிக்கும் திண்டிவனத்துக்கும் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். 'நாளை மணம் பேச வேண்டிய பெண்' என்ற ஒற்றைக் கவலையால், பெண்ணுக்கு டைபாய்டு என்றும், மகன் வெளியூரில் படிக்கிறான் என்றும் சொல்லி வைக்கின்றனர். அக்கவலையைப் பழிக்க இயலாது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் பெற்றோர் அல்லர். பிள்ளையை ஆலயத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்வதில்லை; உறவினர் வந்தால் உள்ளறைக்குப் போகச் சொல்கின்றனர்; நண்பர்களுக்குத் தகவல் தருவதில்லை. நோயுற்றது வெட்கத்துக்குரியது என்ற பாடத்தை எவரும் சொல்லாமலே அப்பிள்ளை கற்றுக்கொள்கிறது.

மறைப்பினால் கேட்க வேண்டிய வினாக்களும் கேட்கப்படாமற் போகின்றன. சில கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் பிற்காலத்தில் மகப்பேற்றைப் பாதிக்கக்கூடும். சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே விந்தணுவையோ கருமுட்டையையோ உறைநிலையில் சேமிக்கும் வழி இன்று உண்டு. எல்லோருக்கும் அது இயலாது. இயலுமா என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டிய காலம் முதல் ஊசிக்கு முன்னர்தான். நாணத்தால் அந்த ஒரு வினாவை விழுங்கிவிட்டுப் பத்தாண்டு கழித்து வருந்துவோர் உளர். இரவு உண்ணாமை நோற்கும் இல்லங்களில் உணவுடன் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளைப் பற்றியும் அப்படியே. அந்நோன்பை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால், நேரத்தை மாற்றித் தர இயலுமா என்று அவர் பார்ப்பார். சொல்லாமல் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குவதும், விழுங்காமல் விட்டுவிடுவதும் நோன்பின் நோக்கத்துக்குள் அடங்குவன அல்ல.

மறைக்காமல் வாழ்ந்த ஓர் இளைஞரை உலகம் அறியும். கனடா நாட்டின் டெர்ரி ஃபாக்ஸ் 1958இல் பிறந்தவர். 1977இல், பதினெட்டாம் வயதில், ஆஸ்டியோசார்கோமாவுக்காக அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேலே நீக்கப்பட்டது. பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டென்றும், சில ஆண்டுகளுக்கு முன்பு அதுவும் இருந்ததில்லை என்றும் மருத்துவர்கள் கூறினர். இடையில் நடந்த ஆராய்ச்சியே தம்மைக் காத்தது என்று அவர் உணர்ந்தார். ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கீழ்க்கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கி.மீ. செயற்கைக்காலை ஒருமுறை ஊன்றுவதற்குள் நல்ல காலால் இருமுறை எம்பும் விந்தையான ஓட்டம் அது. அரைக்காற்சட்டையே அணிந்தார், செயற்கைக்கால் முழுவதும் சாலையில் செல்வோர் கண்ணில் பட்டது. புண்ணாகிக் குருதி கசிந்த நாள்களிலும் ஓடினார். சில வேளை உடன் வந்த நண்பனிடம் சினந்து பேச்சை நிறுத்தியதும் உண்டு. அவர் முனிவர் அல்லர், இருபத்தொரு வயது இளைஞர். 143 நாள்கள், 5,373 கி.மீ. கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது தெரிந்து ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28 அன்று, இருபத்துமூன்று நிறைவதற்கு ஒரு திங்கள் முன்னதாக, மறைந்தார். நாட்டு மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் வீதம் என்று அவர் விரும்பிய தொகை, அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. அவர் பெயரால் நடக்கும் ஓட்டம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடைபெற்றதுண்டு.

இவ்வரலாற்றைச் சொல்லி நோயுற்ற பிள்ளைகளை 'நீயும் அப்படி இரு' என்று வற்புறுத்துவது தகாது. எல்லோரும் ஓட வேண்டியதில்லை. வேளச்சேரிக்கு ஒரு பேருந்தில் ஏறி இறங்குவதே சிலருக்கு அன்றைய நாளின் அருஞ்செயல். ஃபாக்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது அந்த அரைக்காற்சட்டை மட்டுமே.

உரிமைகள் சிலவற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. புற்றுநோய் தனி வகையாக அப்பட்டியலில் இல்லை. ஆனால் அதனால் விளையும் கால் இழப்பும் செவித்திறன் இழப்பும் பார்வை இழப்பும் உண்டு. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று மருத்துவக் குழு சான்றளித்தால், அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் அரசுப் பணியில் 4 விழுக்காடும் ஒதுக்கீட்டுக்குத் தகுதி கிடைக்கும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைப்பர். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். சிகிச்சைக்காக ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனை தரும் சான்றின் பேரில், தூங்கும் வசதி வகுப்பிலும் குளிர்சாதன மூன்றடுக்கு வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. இவை இரவலாகக் கிடைப்பன அல்ல. எனினும் அட்டை வாங்கினால் 'முத்திரை விழுந்துவிடும்' என்று தயங்கி, படித்த குடும்பங்களே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகின்றன. அட்டையைப் பெற்றுப் பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்போரும் உளர்.

நோயுற்ற பிள்ளையைக் காணச் செல்வோர் முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லலாம். சளி, இருமல் இருந்தால் செல்லாதிருக்கலாம். அறிவுரையும் கஷாயக் குறிப்பும் இல்லாமல் செல்லலாம். பிள்ளையிடம் நோயைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. கிரிக்கெட்டைப் பற்றியும் திரைப்படத்தைப் பற்றியும் பேசலாம். தாயிடம், 'இன்று மதியச் சமையலைக் கொண்டுவந்து தரட்டுமா?' என்று கேட்கலாம்.

மெரினாவில் சக்கர நாற்காலி கடல் அலை வரை செல்வதற்கு மரத்தாலான பாதையொன்றை மாநகராட்சி 2022 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சிதைந்தது; பின்னர்ச் செப்பனிட்டனர். மணலில் ஊன்றுகோல் புதையும் என்பதால் கரையிலிருந்தே கடலைப் பார்த்துத் திரும்பியவர்கள், இப்போது அதன் வழியே சென்று அலையில் கால் நனைக்கின்றனர். ஞாயிறு மாலையில் கூட்டம் மிகுதி. காலை ஆறு மணிக்குச் சென்றால் வெயிலும் இராது, இடமும் இருக்கும்.