எண்ணூறும் 911-உம்: பொதுக்குழுவில் பேசியது



கீழே பார்க்கிங்கில் என்னுடைய 1997 மாருதி 800 நிற்கிறது. அதற்கு அடுத்த இடத்தில் பி பிளாக் தம்பியின் புது போர்ஷே 911. இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுங்கள் என்றார் செயலாளர். என்னைக் கலாய்க்கத்தான் என்று தெரிந்தும் வந்துவிட்டேன்.

800 முதலில் வந்தது 1983 டிசம்பரில். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறன்கூடக் கிடையாது. 911-இல் ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி. சுமார் நாலு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்குள் நான் இரண்டாவது கியரே போட்டிருக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சின்ன எஞ்சினை நம்ம ஊரில் யாரும் லேசாகப் பேசக் கூடாது. நம்ம கோவை எஸ். கரிவரதன் அதை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். சக்தி குறைந்த வண்டியில் வளைவில் வேகத்தை விட்டால் மீட்பது கஷ்டம். ஓட்டுகிறவர் கைதான் பேச வேண்டும். அதில் ஓட்டிப் பழகியவர்தான் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய நரேன் கார்த்திகேயன். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்குக் கரிவரதன் பெயர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேட் பக்கத்து வேகத்தடையில் 911-இன் அடிப்பாகம் உரசுகிறது, எடுத்துவிடுங்கள் என்று தம்பி மனு கொடுத்தார். சாயங்காலம் அங்கேதான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒன்றரை டன் வண்டி! முடியவே முடியாது என்று சண்டைக்குப் போனவன் நான்தான்.

லிஃப்டில் அவர் திருப்பிக் கேட்டார்: "அங்கிள், உங்க வண்டியில ஏர்பேக் இல்லீங்க, ஏபிஎஸ் இல்லீங்க. அதுல பாப்பாவ வெச்சுட்டு அவினாசி ரோட்டுல போறீங்களே?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேத்தியைப் பள்ளி வேனில் சேர்த்தேன். அவர் வண்டி வெளியே இருப்பவர்களுக்கு ஆபத்து என்றால், என் வண்டி உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து. இப்போது 800 ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்கு மட்டும்.

பிறகு இருவரும் டேப்போடு போய் வேகத்தடையை அளந்தோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம்முடையது உயரம் சரி. அகலம் ஒன்றரை அடி! வேகத்தடை இல்லீங்க அது, திண்ணை. என் முழங்கால் வலிக்கும் அதுதான் காரணமோ என்னவோ.

எனவே எடுக்க வேண்டாம், அகலப்படுத்துவோம் என்று இருவரும் சேர்ந்து கேட்கிறோம். செலவில் பாதி தம்பி தருகிறார். மீதிக்கு இன்றைக்கு ஒப்புதல் கொடுங்கள்.