முப்பது என்றால், என்ன முப்பது?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"நீ இயற்பியல் படிச்சவன்தானே, பிள்ளைகளுக்குப் பயன்படுற மாதிரி பத்து நிமிஷம் பேசு" என்றார்கள். அழுத்தத்தின் அலகுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், கரும்பலகை கேட்கவில்லை.

களக்காட்டில் பஞ்சர் கடையில் காரை நிறுத்தினால், "எவ்வளவு காத்து சார்?" என்பார். "முப்பது" என்போம். என்ன முப்பது என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அது ஒரு சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு, அதாவது 30 பி.எஸ்.ஐ. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. பவுண்டு மளிகைக் கடையை விட்டுப் போயிற்று. டயரை விட்டு மட்டும் போகவில்லை. இருவர் மனதிலும் ஒரே அலகு இருக்கும்வரை இதில் தொல்லை இல்லை. இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அத்தான் விடுமுறைக்கு வந்தபோது, ரத்த அழுத்தம் பார்க்கும் சின்ன மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒருநாள் அம்மாவுக்குத் தலை சுற்றல். மிஷினைக் கட்டிப் பார்த்தால் மேலே 21.3, கீழே 13.3. பக்கத்து வீட்டு மதினி, "நூத்தியிருபது இருக்கணும்லா? இருபத்தொண்ணுதானே காட்டுது! லோ பிரஷர்தான். மோர்ல உப்பை நல்லாப் போட்டுக் குடிங்க" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் உப்பு மோர் போயிற்று. சனிக்கிழமை ஊருக்கு வந்த நானும், இயற்பியல் பட்டம் வாங்கிய நானும், அரை நாள் அதை நம்பினேன்.

சாயங்காலம்தான் மிஷினின் மூலையில் எறும்பு மாதிரி இருந்த மூன்று எழுத்துகள் கண்ணில் பட்டன: கே.பி.ஏ. கிலோபாஸ்கல்! டாக்டர் சொல்லும் 120, 80 எல்லாம் மில்லிமீட்டர் பாதரசம். கிலோபாஸ்கலை ஏழரையால் பெருக்கினால் மில்லிமீட்டர் பாதரசம். 21.3 என்பது 160. 13.3 என்பது 100. குறைந்த அழுத்தம் என்று நினைத்து, கூடின அழுத்தத்துக்கு உப்பைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றைக்கே டாக்டரிடம் போனோம். அவர் கையால் அளந்ததும் ஏறக்குறைய அதேதான். முதலில் நிறுத்தச் சொன்னது உப்பைத்தான்.

மேல் அளவு உண்மையிலேயே 21 மில்லிமீட்டராக இருந்தால், அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னை "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்க முடியாது. எண்ணைப் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை.

இதற்குப் பெரிய அட்டவணை வேண்டாம். ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அதுதான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் அடியில் கொடுக்கும் அழுத்தமும் அதுவே. பி.எஸ்.ஐ.யில் 14.2, கிலோபாஸ்கலில் 98, பாதரசத்தில் 736 மில்லிமீட்டர். ஒரு 'பார்' என்பது இதைவிட இரண்டு சதவீதம்தான் கூடுதல்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பேப்பரைப் பாருங்கள். பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி. 143 அடி ஆழம் என்றால் சுமார் 43.6 மீட்டர், அந்த ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் நாலு கிலோ முன்னூற்று அறுபது கிராம், 62 பி.எஸ்.ஐ. நம் கார் டயரைப் போல இரண்டு மடங்குதான்! அணை எவ்வளவு தூரம் பரந்து கிடந்தாலும், அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழம் ஒன்றே.

காற்று மண்டலம் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்குகிறது என்று படித்தோம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். பெருக்கினால் 10.3 மீட்டர் தண்ணீர். எந்த மோட்டாரும் அதற்கு மேல் தண்ணீரை உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்தான். நம் பக்கத்து வாழைத் தோட்டங்களில் ஆழக் கிணறு என்றால் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்தார்களே, காரணம் இதுதான்.

சின்ன எண்ணையும் அலட்சியம் செய்யக்கூடாது. முன்பு ரேடியோவில் மில்லிபார் என்றார்கள், இப்போது ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள், இரண்டும் ஒன்றே. சராசரி 1013. கன்னியாகுமரி மீனவர்களைப் பறிகொடுத்த 2017 ஒக்கிப் புயலின் மையத்தில் மிகக் குறைந்த அளவு 976. வித்தியாசம் 37. தண்ணீராகச் சொன்னால் இரண்டு சாண்கூட இல்லை. அந்த இரண்டு சாண்தான் கடலைப் புரட்டியது.

இன்னொன்று, எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டயர் சப்பையாகக் கிடக்கும்போது மானி பூஜ்யம் காட்டும். ஆனால் வெளிக்காற்றின் 14.7 பி.எஸ்.ஐ. உள்ளேயும் இருக்கிறது. குக்கர் விசில் தூக்கும் ஒரு கிலோவும் வெளிக்காற்றுக்கு மேலேதான். மொத்தம் இரண்டு இருப்பதால்தான் உள்ளே தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது.

தம்பி தங்கைகளே, விடையில் அலகு எழுதாவிட்டால் எங்கள் பேராசிரியர் அரை மதிப்பெண் குறைப்பார். "விடை சரிதானே சார்?" என்று சண்டை போட்டிருக்கிறேன். அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது.

இப்போது அந்த மிஷினை மாற்றி அமைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி, "மி.மீ. பாதரசம்" என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார்கள். மோரும் உண்டு, உப்பில்லாமல். நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டு மிஷினின் மூலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.