கல்விக்குக் கொடுப்பதும் அறிந்து கொடுப்பதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆபிரிக்காவிலே வறுமையால் வாடும் கிராமமொன்றின் பிள்ளைகளுடைய கல்விக்கு இவ்வாண்டு நிதி திரட்ட வேண்டுமென நமது இளைஞர்கள் விரும்புகிறார்கள். பெரியோர்களுட் சிலர், "நம் அயலிலேயே ஏழைப் பிள்ளைகள் இருக்கக் கடல் கடந்து கொடுப்பானேன்?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், "கொடுத்தாலும் அது உரியவர்களைச் சென்று சேருமா?" என்று ஐயுறுகிறார்கள். இவ்விரண்டும் நியாயமான வினாக்களே. கேள்வி கேளாது கொடுப்பவனிலும் பார்க்கக் கேட்டுக் கொடுப்பவனே கல்விக்கு நல்ல நண்பன்.

முதல் வினாவுக்குச் சுருக்கமாக விடை கூறுவேன். அயலுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு அங்கே அனுப்புமாறு எவரும் கேட்கவில்லை. 1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைபெறுகின்றது. கட்டணம் செலுத்த இயலாத எத்தனையோ வீடுகளிலிருந்து வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் தோன்றியதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அந்தப் பயனை அனுபவித்தவர்கள், அது கிடையாத பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்த்தல் இயல்பேயாகும்.

இரண்டாம் வினாவே பெரியது. அதற்கு விடை காண, ஆபிரிக்க நாடுகள் சிலவற்றின் அனுபவத்தைச் சிறிது ஆராய்வோம்.

அங்குள்ள மக்கள் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவர்கள் என்று எண்ணுவது பெருந்தவறு. 1963ஆம் ஆண்டிலே கென்யா சுதந்திரம் பெற்றபோது, அந்நாட்டுத் தலைவர் ஜோமோ கென்யாட்டா அவர்கள் "ஹரம்பே" என்னும் சொல்லை நாட்டின் முழக்கமாக்கினார். எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்பது அதன் கருத்து. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்று நாம் சொல்வதும் அதுவே. அவ்வழைப்பைக் கேட்ட கிராமத்தவர்கள் காசும், கல்லும் மரமும், உடலுழைப்பும் கொடுத்து நூற்றுக்கணக்கான இடைநிலைப் பாடசாலைகளைத் தாமே கட்டினார்கள். ஆனால் கட்டடம் எழும்பிய இடமெல்லாம் கல்வி எழும்பவில்லை. பல பாடசாலைகளிலே பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை; ஆய்வுகூடமில்லை; செலவை ஈடுசெய்யக் கட்டணமோ அதிகம். வசதியுள்ள பகுதிகள் நல்ல பாடசாலைகளைப் பெற, வறிய பகுதிகள் பின்தங்கின. ஊரவரின் முயற்சி எத்துணை உயர்ந்ததாயினும், தொடர்ந்து வரும் உதவி இல்லையேல் அது பாதி வழியிலே நின்றுவிடும் என்பதை இதனால் அறிகிறோம்.

1980ஆம் ஆண்டுகளிலே கடன்சுமையும் பொருளாதார நெருக்கடியும் பல ஆபிரிக்க அரசாங்கங்களை வருத்தின. பாடசாலைச் செலவின் பெரும்பங்கு பெற்றோரின் தலைமேல் விழுந்தது. கட்டணம், சீருடை, புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டியிருந்தது. நான்கு பிள்ளைகள் உள்ள ஏழை விவசாயி, எவனை அனுப்புவது, எவளை மறிப்பது என்று முடிவு செய்யவேண்டிய கொடுமை நேர்ந்தது. மறிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளே.

பின்னர் காலம் மாறிற்று. மலாவி 1994ஆம் ஆண்டிலும், உகண்டா 1997ஆம் ஆண்டிலும், தன்சானியா 2001ஆம் ஆண்டிலும், கென்யா 2003ஆம் ஆண்டிலும் ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நீக்கின. கென்யாவிலே ஏறக்குறைய 59 இலட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் ஏறக்குறைய 72 இலட்சமாயிற்று. கிமானி மாருகே என்னும் முதியவர், 2004ஆம் ஆண்டிலே தமது 84ஆவது வயதில் முதலாம் வகுப்பிற் சேர்ந்து, சிறு பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து எழுத்துப் படித்ததை உலகம் முழுவதும் வியந்து நோக்கிற்று. இவ்வளவு காலமும் அம்மக்களைத் தடுத்து நின்றது கல்வியில் விருப்பமின்மையன்று, காசின்மையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும், அன்பர்களே, கதவைத் திறந்தமையால் மாத்திரம் வேலை முடிந்துவிடவில்லை. மலாவியிலே 19 இலட்சம் பிள்ளைகள் இருந்த பாடசாலைகளுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் பேர் வந்து சேர்ந்தனர். அவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சியற்ற ஏறக்குறைய 20,000 பேரை அவசரமாக ஆசிரியராக்க வேண்டியதாயிற்று. ஒரே வகுப்பில் நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள். இடமின்றி மரநிழலிலும் வகுப்பு. வந்த பிள்ளைகளுட் பலர் எழுத்தறியாமலே விலகிச் சென்றனர். பாடசாலைக்குப் போதல் வேறு, கல்வி பெறுதல் வேறு. நாம் கொடுக்கும் காசு இரண்டாவதற்கு உதவுகிறதா என்பதையே நோக்கவேண்டும்.

காசு போய்ச் சேருமா என்று கேட்ட பெரியோருக்கு உகண்டாவின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1991ஆம் ஆண்டு முதல் 1995ஆம் ஆண்டு வரை அந்நாட்டு அரசாங்கம் ஆரம்பப் பாடசாலைகளுக்கென ஒதுக்கிய உதவிப் பணம் எங்கே போயிற்று என்று ஆராய்ச்சியாளர் பாடசாலை பாடசாலையாகச் சென்று கணக்கெடுத்தனர். நூறு ரூபாவுக்குப் பதின்மூன்று ரூபா என்ற அளவிலேயே பாடசாலைகளைச் சேர்ந்திருந்தது. எஞ்சியது மாவட்ட மட்டத்திலே வேறு வழிகளிற் போய்விட்டது. உண்மை வெளிப்பட்டபின் அரசாங்கம் என்ன செய்தது? எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதைப் பத்திரிகைகளிலே பிரசுரித்தது. கிடைத்த தொகையைப் பாடசாலைச் சுவரிலே யாவரும் காண ஒட்டுமாறு பணித்தது. பெற்றோரும் தலைமையாசிரியரும் தமக்குரியது எவ்வளவென்று அறிந்து கேட்கத் தொடங்கினர். 2001ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை பாடசாலைகளை அடைந்தது. களவைப் பிடிக்கக் காவலாளி ஒருவன் போதாது. கணக்கு வெளிச்சத்துக்கு வரவேண்டும்.

போய்ச் சேர்ந்த பணமும் தக்க வழியிலே செலவாக வேண்டும். கென்யாவின் மேற்கே புசியா என்னும் மாவட்டத்தில் 1990ஆம் ஆண்டுகளிலே ஒரு சோதனை நடந்தது. பாடப்புத்தகம் இல்லாத பாடசாலைகளுக்குப் புத்தகம் வழங்கினார்கள். எல்லாப் பிள்ளைகளும் முன்னேறுவர் என்று யாரும் நினைப்பர். முன்னேறியவரோ ஏற்கெனவே கெட்டிக்காரராக இருந்த சிலர் மாத்திரமே. காரணம், புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளைகளுட் பலருக்கோ ஆங்கிலம் மூன்றாம் மொழி. வாசிக்க முடியாதவன் கையிற் புத்தகம் இருந்து என்ன பயன்?

அதே மாவட்டத்தில் 75 பாடசாலைகளிலே வேறொரு சோதனையும் நடந்தது. பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். குடற்புழு பிள்ளையின் இரத்தத்தையும் உண்ட உணவின் சாரத்தையும் கவர்ந்துவிடுகின்றது. சோர்ந்த பிள்ளை வீட்டிலே கிடக்கிறது. மருந்து கொடுத்தபின் பாடசாலைக்கு வராது நிற்பது காற்பங்கு குறைந்தது. மருந்தின் செலவோ மிகச் சொற்பம். பின்னர் 2009ஆம் ஆண்டிலே கென்ய அரசாங்கமே பாடசாலைகள் மூலம் இம்மருந்தை வழங்கத் தொடங்கிற்று. கல்விக்குக் கொடுப்பது என்றாற் கட்டடமும் பெயர்ப்பலகையுமே என்று எண்ணும் நமக்கு, ஒரு சிறு குளிசையும் கல்விக் கொடையாகும் என்பது புதுமையாகத் தோன்றலாம்.

பெரும்பணம் உடையோரே இப்பணியைச் செய்ய இயலும் என்று இளைஞர்கள் மனந்தளர வேண்டியதில்லை. அன் கொட்டன் என்னும் அம்மையார், சிம்பாப்வேயின் கிராமப்புறத்திலே பெண்பிள்ளைகள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்று அறியச் சென்றார். பெற்றோர் விரும்பாமையே காரணம் என்று பலர் சொல்லியிருந்தனர். அவர் கண்டதோ வறுமை. ஊருக்குத் திரும்பி, கேம்பிரிட்ஜ் சந்தையிலே தாம் செய்த கேக்குகளை விற்றுக் காசு சேர்த்தார். 1993ஆம் ஆண்டிலே காம்பெட் என்னும் அவருடைய தாபனம் 32 பெண்பிள்ளைகளின் படிப்புக்கு உதவத் தொடங்கிற்று. இன்று அது ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலே பரந்து நிற்கின்றது. அதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. அவ்வுதவியாற் படித்த பெண்கள் 1998ஆம் ஆண்டிலே தமக்கென ஒரு சங்கம் அமைத்து, தம் ஊர்ச் சிறுமிகளைத் தாமே படிப்பிக்க முன்வந்தனர். ஈகை வாங்கியவர் ஈபவராக மாறும்போதே அதன் பயன் நிறைவுறுகின்றது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். நிதி திரட்டுங்கள், ஆனால் அனுப்பு முன் நான்கு காரியங்களை விசாரியுங்கள். அவ்வூரவர் தமக்கு வேண்டியது எதுவென்று சொல்கிறார்கள்? அவர்கள் தம் பங்காக எதைச் செய்கிறார்கள்? வந்த பணத்தின் கணக்கை ஊரார் காணும்படி வைப்பார்களா? ஆண்டு முடிவிலே எத்தனை பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள் என்று நமக்கு அறிவிப்பார்களா? இவற்றுக்குத் தெளிவான விடை தருவோருக்கே கொடுங்கள். ஓராண்டு பெருந்தொகை அனுப்பி மறந்துவிடுவதிலும், ஒரு பிள்ளை படித்து முடிக்கும்வரை ஆண்டுதோறும் சிறு தொகை தவறாது அனுப்புவது மேல். இடையிலே உதவி நின்றால், அப்பிள்ளை மீண்டும் வீட்டுக்கே திரும்பவேண்டி வரும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கொடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. அளந்து போடு என்றே சொன்னார்கள். இளைஞர்களின் ஆர்வமும் பெரியோர்களின் நிதானமும் ஒன்றுசேருமாயின், நாம் அனுப்புவது சிறிதாயினும் வீண்போகாது.